ஏழாம் எண் ஆசாமி

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா. கதவோரம் நிற்பவரும் உள்ளே வரட்டும், இடம் தாராளமாக இருக்கிறது. இன்றைக்கு உங்களுக்கு ஒரு துப்பறியும் கதை வைத்திருக்கிறேன். கத்தி கிடையாது, ரத்தம் கிடையாது, கேட்டுவிட்டு விளக்கை எரியவிட்டுப் படுக்க வேண்டிய அவசியமும் கிடையாது. ஒரே நாளில், ஒரே ஆளைத் தேடி, ஒரு துப்பறிவாளர் நாயாய் அலைந்தார். அவ்வளவுதான். ஆனால் அந்த அலைச்சலை நம்பி ஒரு பெண்ணின் நல்ல பெயர் அந்தரத்தில் தொங்கியது.

அந்தத் துப்பறிவாளரைத் தெருவில் எல்லோரும் 'துப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். துப்பறிகிறவர் என்பதால் வைத்த பெயரா, துப்பில்லாதவர் என்பதால் வைத்த பெயரா என்பதை அவரே இருபது வருஷமாகத் துப்பறிந்துகொண்டிருக்கிறார். இன்னும் ஆதாரம் சிக்கவில்லை. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறையில் அவருடைய ஆபீஸ். ஒரு மேஜை, மூன்று நாற்காலி, அதில் இரண்டு ஆடும். வருகிறவரை ஆடாத நாற்காலியில் உட்கார வைப்பதுதான் அந்த நிறுவனம் தவறாமல் செய்துவரும் ஒரே சேவை.

உதவிக்கு அவர் மனைவியின் தங்கை. வக்கீல் ஆபீசில் பதினெட்டு வருஷம் டைப் அடித்துவிட்டு இங்கே வந்தவள். அடிக்கும்போது ஒரு எழுத்தைத் தவற விடமாட்டாள். பேசும்போது ஒரு ஆளைத் தவற விடமாட்டாள்.

காலை பத்தரை மணிக்கு ஒரு பெண் படியேறி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். நெஞ்சோடு ஒரு ஃபைல், கண்ணுக்குக் கீழே பத்து நாள் தூக்கம் பாக்கி. உட்காருவதற்கு முன்னால் அறையை ஒரு சுற்று பார்த்தாள்.

"உங்க படியில கைப்பிடி இல்ல. அந்த ப்ளக் பாயின்ட் கருகியிருக்கு. ஃபேன் ஒரு பக்கமா இறங்கியிருக்கு."

"இவரும்தான் ஒரு பக்கமா இறங்கியிருக்கார். நாங்க கண்டுக்கறதில்ல, நீங்க உட்காருங்க," என்றாள் மைத்துனி.

"நான் ஒரு கிரிப்டோ கம்பெனில ரிஸ்க் மேனேஜர். என்னவெல்லாம் தப்பாப் போகலாம்னு முன்கூட்டியே யோசிக்கறதுதான் வேலை. ஆபீஸ்ல என்னை ஜாக்கிரதைன்னு கூப்பிடுவாங்க."

"சொல்லுங்கம்மா, என்ன தப்பாப் போச்சு?" என்றார் துப்பு.

ஜாக்கிரதை விவரமாகச் சொன்னாள். அவர்கள் கம்பெனியை நம்பி நாலாயிரம் பேர் சின்னச் சின்னதாகக் காயின் வாங்கி ஒப்படைத்திருக்கிறார்கள். நர்ஸுகள், லாரி ஓட்டுகிறவர்கள், தையல்காரர்கள். அத்தனையும் கணினிக்குள் ஒரே பெட்டகத்தில் இருக்கிறது. அதைத் திறக்க மூன்று சாவி. சாவி என்றால் இருபத்துநாலு வார்த்தைகள், ஒரு வரிசையில். காகிதத்தில் எழுதினால் எரியும், கணினியில் வைத்தால் களவு போகும் என்று ஒவ்வொரு சாவியையும் பித்தளைத் தகட்டில் வெட்டி வைத்திருந்தார்கள்.

"ஒரு தகடு என்கிட்ட, என் கையால வெட்டினது. ஒண்ணு கம்பெனி பார்ட்னர்கிட்ட. மூணாவது யார்கிட்ட இருக்குன்னு எங்க முதலாளி ஒருத்தருக்குத்தான் தெரியும்."

"அவரைக் கேட்டா முடிஞ்சுது."

"நாலு மாசத்துக்கு முன்னாடி தூக்கத்துலயே போயிட்டார் சார்."

"அடடா. அவர் போயிட்டா என்ன பண்றதுன்னு நீங்க முன்னாடியே யோசிக்கலயா?"

ஜாக்கிரதை ஃபைலைத் திறந்து நீட்டினாள். "நாற்பத்தாறு அபாயம் எழுதியிருக்கேன். நிலநடுக்கம் இருக்கு. எலி இருக்கு. ரெண்டு பேர் சேர்ந்து திருடிட்டா என்ன ஆகும்னுதான் ரெண்டு சாவிய மூணு சாவி ஆக்கினேன். முதல் வரி என்னன்னு பாருங்க."

முதல் வரி: 'முதலாளி இறந்தால்.' அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் முதலாளியின் கையெழுத்தில், 'காலங்கார்த்தாலே அபசகுனமாக எழுதாதே அம்மா.'

மைத்துனி அதைப் படித்துவிட்டு, ஃபைலை மெல்ல மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"பெட்டகத்தோட பூட்டுல ஒரு ஓட்டை இருக்குன்னு வெளியாட்கள் கண்டுபிடிச்சாங்க. நல்லவங்க. சரிபண்ண பத்து நாள் கொடுத்தாங்க. இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு ஊரறிய வெளியிடுவாங்க. அதுக்குள்ள மூணு சாவியும் போட்டு, காயினைப் புதுப் பெட்டகத்துக்கு மாத்தணும். இல்லன்னா ஆறு அஞ்சுக்கு எவனாவது உள்ளே புகுந்து துடைச்சு எடுத்துடுவான். இந்த ஏற்பாடு பண்ணினது நான்கறதால, மூணாவது சாவிய நான்தான் அமுக்கிட்டேன்னு பார்ட்னர் நினைக்கிறார். போலீஸ் புகார் டைப் பண்ணி வச்சிருக்கார். ஆறு மணி தாண்டினா கொடுத்துடுவார்."

"பத்தாவது நாள் எங்ககிட்ட வந்திருக்கீங்களே?" என்றாள் மைத்துனி.

"ஒன்பது நாள் நானே தேடினேன். பெரிய ஏஜென்சிகள்ல எல்லாம் மூணு நாள் கேட்டாங்க. உங்களுக்கு இன்னிக்கு வேற வேலை இல்லன்னு கீழே ஜெராக்ஸ் கடைல சொன்னாங்க."

"இன்னிக்கு மட்டும்னா சொன்னாங்க? நல்ல மனுஷங்க," என்றாள் மைத்துனி.

துப்பு தொண்டையைக் கனைத்தார். தன் மானம் போகிற இடங்களில் அவர் கனைப்பது வழக்கம். அதனால் நாள் முழுக்க அவருக்குத் தொண்டை கட்டியிருக்கும். "தடயம் ஏதாவது இருக்காம்மா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு." ஃபைலின் கடைசித் தாளை உருவினாள். "சாவி தன்கிட்ட இருக்குன்னே அந்த ஆளுக்குத் தெரியக் கூடாதுன்னு ஒரு விதி வச்சிருந்தேன். தெரியாதவனை மிரட்ட முடியாது, விலைக்கும் வாங்க முடியாது. முதலாளி ஒன்பது பேரைப் பரிசீலிச்சு மார்க் போட்டார். பேர் எழுதல, எண் மட்டும்தான். ஏழாம் எண்ணைச் சுத்தி வட்டம் போட்டிருக்கார்."

துப்பு தாளை வாங்கி உரக்கப் படித்தார்.

'இவரிடம் மதிப்புள்ள பொருள் இருக்கும் என்று யாராவது சந்தேகப்படுவார்களா? ஆளைப் பார்த்தால் மாட்டார்கள்.'

'கிரிப்டோ பற்றித் தெரியுமா? தெரியாது. இரண்டு தடவை விளக்கிப் பார்த்தேன். இரண்டு தடவையும் தலையாட்டினார்.'

'வீடு மாற்றுவாரா? மாட்டார். இவருடைய வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவதில்லை.'

'தன்னிடம் இருப்பதைத் தானே கண்டுபிடித்துவிட்டால்? வாய்ப்பே இல்லை.'

துப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யாரும்மா இந்த அசட்டு மனுஷன்? பாவம், பெத்தவங்க எவ்வளவு ஆசையா வளர்த்திருப்பாங்க! 'வாய்ப்பே இல்லை'யாம்! இப்படி ஒரு ஆள் ஊருக்குள்ள நடமாடினா நமக்குக் கண்ணுல படாமலா போகும்?"

"அதானே," என்றாள் மைத்துனி. தாளை வாங்கி மறுபடி ஒருதரம் படித்தாள். பிறகு அத்தானை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தாள்.

மூவரும் ஆட்டோவில் முதலாளி வீட்டுக்குக் கிளம்பினார்கள். வழியில் ஃபைலின் மேல் இருந்த கம்பெனி முத்திரையைக் கண்டதும் துப்பு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அட, இந்தக் கம்பெனியா! நான் இங்க வந்து பேசியிருக்கேனே! ரெண்டு வருஷம் முன்னாடி, பாதுகாப்பு வாரத்துல. சிறப்புப் பேச்சாளர்!"

"அப்படியா சார்? அந்த வாரம் எனக்கு அம்மை. லீவுல இருந்தேன்."

"அற்புதமான கூட்டம்மா. முதல் வரிசையில ரெண்டு பேர் கடைசி வரைக்கும் முழிச்சிருந்தாங்க. உங்க முதலாளி தங்கமான மனுஷன். பேச்சு முடிஞ்சதும் கூடவே உட்கார்ந்து இந்தக் கிரிப்டோ விவகாரத்தை எனக்கு ரெண்டு தடவை பொறுமையா விளக்கினார்."

"நீங்க என்ன பண்ணீங்க அத்தான்?" மைத்துனியின் குரல் என்றைக்கும் இல்லாத மென்மையோடு வந்தது.

"தலையாட்டினேன். வேறென்ன பண்றது?"

மைத்துனி ஆட்டோவுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு வெகுநேரம் அவள் வாயைத் திறக்கவில்லை. அத்தானுக்கு அது ஒரு துப்பாகப் பட்டிருக்க வேண்டும். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

முதலாளியின் மனைவி அவர்களைக் கூடத்தில் உட்காரவைத்தாள். வாசலில் அவருடைய செருப்பு இன்னும் இருந்தது. ஜாக்கிரதையைப் பார்த்ததும் அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி இப்படி இளைச்சுட்டே? நீ எடுத்திருப்பேன்னு அவன் சொன்னா நான் நம்பிடுவேனா? ஆனா எனக்கு ஒண்ணும் தெரியலயேடி. ஆபீஸ் ரகசியம்னா வாயே திறக்கமாட்டார். ஒரே ஒரு நாள் மட்டும் தானா சிரிச்சுண்டு சொன்னார். 'மூணாவது சாவிக்குக் காவல் போட்டாச்சு. சாவின்னு தெரியாமலே ஒருத்தர் தினம் அதைத் துடைச்சு வைக்கப் போறார்'னு."

துப்பு துள்ளி எழுந்தார். "தினம் துடைக்கறதுன்னா கார்! காரைத் துடைக்கறவர் டிரைவர்! எங்கே உங்க டிரைவர்?"

"எங்களுக்குக் காரே கிடையாதே," என்றாள் அந்த அம்மாள்.

துப்பு கனைத்துவிட்டு உட்கார்ந்தார்.

முதலாளியின் மேஜையைப் பார்க்க அனுமதி கேட்டார்கள். ஜாக்கிரதை அதை ஏற்கெனவே மூன்று தடவை குடைந்திருந்தாள். ரகசிய அறை, இரட்டை அடித்தளம் எல்லாம் தட்டிப் பார்த்திருந்தாள். நாலாம் தடவையும் குடைந்ததில் மதியம் கடந்துவிட்டது. துப்புவுக்கு அவ்வளவு தூரம் யோசிக்க வராது. மேஜைமேல் பாதி படித்த புத்தகம் ஒன்று கிடந்தது. எந்தப் பக்கம்வரை படித்திருந்தார் பாவம் என்று பார்க்கப் பிரித்தார். அடையாளத்துக்கு உள்ளே ஒரு பித்தளைத் தகடு வைத்திருந்தது. ஓரம் கோணலாக வெட்டுப்பட்ட வெற்றுத் தகடு.

"என் தகடும் இதே அளவுதான்!" என்றாள் ஜாக்கிரதை.

பின்புறம் ஒரு சின்ன ஸ்டிக்கர். 'கோப்பை, கேடயம், பெயர்ப் பலகை செய்து தரப்படும்.' கீழே முகவரி.

"கெட்டுப்போன தகட்டை வீணாக்காம வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கார்," என்றார் துப்பு. மணி மூன்று நாற்பது. அன்றைக்கு அவர் சொன்னதில் சரியாக இருந்த முதல் வாக்கியம் அது.

கேடயக் கடை ஒரு ஒடுக்கமான சந்தில் இருந்தது. சுவர் முழுக்கக் கோப்பைகள். ஜெயித்தவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. எழுத்து வெட்டுகிறவர் ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, மற்றக் கண்ணால் வந்தவர்களைப் பார்த்தார்.

"இருபத்துநாலு வார்த்தையா? நல்லா ஞாபகம் இருக்கு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே கிடையாது. என்ன சார் இதுன்னு கேட்டேன். புதுக்கவிதைன்னார். சரி, இதைவிட மோசமானதெல்லாம் வெட்டியிருக்கேன்னு விட்டுட்டேன்."

ஜாக்கிரதை ஃபைலைத் திறந்தாள். "நீங்க அந்த வார்த்தைகளைப் படிச்சீங்களா?"

"வெட்டறவன் படிக்காம எப்படிம்மா வெட்டறது? முதல் தகடு எழுதறதுக்கு முன்னாடியே ஓரம் கோணிப் போச்சு, வேற தகடு எடுத்து வெட்டினேன். ஆனா ஒரு வார்த்தை நினைவிருக்கணுமே! நேத்து வெட்டினதே ஞாபகம் இல்ல."

அவள் பேனாவை எடுத்து ஃபைலில் நாற்பத்தேழாவது அபாயமாக 'எழுத்து வெட்டுகிறவர்' என்று எழுதிக்கொண்டாள்.

"அந்தத் தகட்டை என்ன பண்ணீங்க?" என்றார் துப்பு.

"ஒரு கேடயத்துக்குள்ள வச்சு, மேல வெல்வெட் ஒட்டி, திருகாணி போட்டு மூடச் சொன்னார். கேடயம்னா யாரும் தூக்கிப் போடமாட்டாங்க, விக்கவும் முடியாதுன்னார். சும்மா சொல்லக் கூடாது, மூளைக்காரர். அதுவும் வாழ்க்கையில ஒரே ஒரு கேடயம் வாங்கினவனா பார்த்துக் கொடுக்கணுமாம். அவன் உயிரைக் கொடுத்துக் காப்பாத்துவானாம்."

"யாருக்குக் கொடுத்தார்?"

"பேரெல்லாம் எனக்கெதுக்கு? ஆனா செஞ்சது எல்லாத்தையும் போட்டோ எடுத்து ஆல்பத்துல வச்சிருக்கேன்." தடியான ஆல்பம் ஒன்றை எடுத்து வைத்தார்.

மைத்துனி சட்டென்று முன்னால் வந்தாள். "அத்தான், ஆல்பத்தை நான் பார்க்கறேன். நீங்க கொஞ்சம் வெளிய காத்தாட நில்லுங்களேன்."

"எதுக்கு?"

"உள்ளே ஒரே புழுக்கமா இருக்கு. போங்களேன்."

"கேஸ் முடியற நேரத்துல வெளிய போறவன் துப்பறிவாளனா?" துப்பு ஆல்பத்தை இழுத்துக்கொண்டார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓட்டப்பந்தயம், சதுரங்கம், சிறந்த விற்பனையாளர். பிறகு ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார்.

கருஞ்சிவப்பு வெல்வெட். நடுவில் பூதக்கண்ணாடிப் படம். கீழே பொன்னெழுத்தில், 'பாதுகாப்பு வாரச் சிறப்புப் பேச்சாளர், துப்பறியும் மேதைக்கு அன்புடன்.'

துப்பு அந்த ஏழு வார்த்தைகளையும் மெதுவாக, விரல் வைத்துப் படித்தார். மேதை. தினமும் குளித்ததும் துணியை எடுத்து அந்த வார்த்தையைத்தான் முதலில் துடைப்பார். விருந்தாளி வந்தால் டிவியை அணைத்துவிட்டு அதன்மேல் இருக்கிற கேடயத்தைக் காட்டுவார். பேச்சு நன்றாக இருந்ததற்காகத்தான் பிறகு வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள் என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"எப்போ தெரிஞ்சுது உனக்கு?" என்று மைத்துனியைக் கேட்டார்.

"வாடகையைப் பத்தி எழுதின வரியிலயே ஒரு சந்தேகம். ஆட்டோவுல ஊர்ஜிதம். வேற எவனாவது இருக்கணுமேன்னுதான் வேண்டிண்டே வந்தேன் அத்தான்."

அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் துப்புவுக்குத் தாங்கவில்லை. முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு, பிறகு கடையிலிருந்த சின்னக் கோப்பைகள் எல்லாம் அதிர்கிற மாதிரி சிரித்தார்.

"இருபது வருஷமா எத்தனையோ பேரைத் தேடியிருக்கேன், ஒருத்தன் சிக்கினதில்ல. இன்னிக்குத்தான் முதல்தடவையா ஒருத்தனைப் பிடிச்சேன். அதுவும் நானாப் போயிட்டேன்! ஏம்மா ஜாக்கிரதை, உங்க முதலாளிக்கு நூத்துக்கு நூறு. 'வாய்ப்பே இல்லை'ன்னு எழுதினார் பாரு! ஓடுங்க, ஓடுங்க, மணி என்ன?"

நாலு ஐம்பது. ஆட்டோக்காரர் இரண்டு இடத்தில் சிவப்பு விளக்கை மதித்ததற்காக மைத்துனியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது ஐந்து முப்பத்தைந்து. துப்புவின் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். விஷயத்தைத் தங்கை நாலு வார்த்தையில் சொன்னாள்.

"அதுக்குள்ளயா இருக்கு? ரெண்டு தடவை பழைய சாமானோட போடப் பார்த்தேன். மனுஷன் சண்டை போட்டுத் திரும்ப எடுத்து வச்சார்."

"அந்த முதலாளி இவரைத்தான் எடைபோட்டார், உன்னை எடைபோட மறந்துட்டார் அக்கா," என்றாள் தங்கை.

துப்பு கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டார். திருப்புளியைக் கையில் எடுத்தார். ஒரு கணம் தயங்கினார். பிறகு நாலு திருகாணியையும் கழற்றி, பொன்னெழுத்து கிழிகிற சத்தம் கேட்காதது போல வெல்வெட்டை உரித்தார். உள்ளே பித்தளை பளிச்சென்று சிரித்தது. இருபத்துநாலு வார்த்தைகள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல்.

ஜாக்கிரதை லேப்டாப்பைத் திறந்தாள். தன் சாவியைப் போட்டாள். போனில் பார்ட்னரைக் கூப்பிட்டு, அவர் சாவியைப் போடச் சொன்னாள். மூன்றாவதைத் தகட்டைப் பார்த்து அடிக்கும்போது விரல் நழுவியது. மைத்துனி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள்.

"நீங்க கண்ணை மூடிக்கணுமா, நான் அடிக்கறதைப் பார்க்கணுமா? எது உங்க விதி?"

"அடிங்க," என்றாள் ஜாக்கிரதை.

பதினெட்டு வருஷத்து விரல்கள் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. ஐந்து ஐம்பத்திரண்டு. சுற்றியது. ஐந்து ஐம்பத்தாறு. துப்பு தலையாட்டிக்கொண்டே இருந்தார். புரிந்ததால் இல்லை, பழக்கம். ஐந்து ஐம்பத்தெட்டுக்கு வட்டம் நின்று பச்சையானது.

நாலாயிரம் பேரின் காயினும் புதுப் பெட்டகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

போனில் பார்ட்னரின் குரல் வந்தது. "மேடம்... அந்தப் புகாரைக் கிழிச்சுட்டேன். நான் உங்களைப் போய்... நீங்க சாப்பிட்டீங்களா?"

பதில் இல்லை. என்ன ஆயிற்றென்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜாக்கிரதை சோபாவில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிவிட்டிருந்தாள். முன்பின் தெரியாத வீடு. வாசல் கதவு விரியத் திறந்திருக்கிறது. ஒரு சாவித் தகடு லேப்டாப்மேல், ஒன்று மேஜையில், கைப்பை தரையில். எலிக்கும் நிலநடுக்கத்துக்கும் பயந்தவள் எதற்கும் பயப்படாமல் தூங்கினாள்.

"மேடம் தூங்கறாங்க. நாளைக்குப் பேசுங்க," என்று மெல்லச் சொல்லிப் போனை வைத்தார் துப்பு.

மனைவி ஒரு போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினாள். மைத்துனி கதவைச் சாத்தினாள். துப்பு நாற்காலியைத் தூக்கிக் கதவருகே போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"என்ன அத்தான், காவலா?"

"ரெண்டு வருஷ அனுபவம் இருக்கே," என்றார் துப்பு. "இந்தத் தடவை தெரிஞ்சே பார்த்துக்கறேன். சத்தம் போடாதே."

இத்தனை நேரம் கூடவே வந்த என் கண்ணுகளா, உங்கள் வீட்டுக்கும் அப்படியொரு நிம்மதியான தூக்கம் வரட்டும். கதவுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் எல்லோரும் வேண்டியவர்களாக இருக்கட்டும். உங்களைச் சந்தேகப்பட்டவர்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டு வரட்டும். அடுப்பு அணையாமல், ஆள் குறையாமல், சிரிப்பு வற்றாமல், பிள்ளை குட்டிகளோடு நூறு வருஷம் நன்றாக இருங்கள்.